ஹார்டனர் பக்கத்து முள்

பத்து மணி முப்பத்திரண்டு. பம்பை நிறுத்தியாயிற்று, பசை வரும் துப்பாக்கியில் இரண்டு குழாயையும் திருகி மூடியாயிற்று, இனிமேல் பதினைந்து நிமிடம் இந்த மெஷினை யாரும் தொடக் கூடாது என்று சொல்லியும் ஆயிற்று. தொழிற்சாலையே டீ குடிக்கப் போய்விட்டது. கேன்டீன் பக்கமிருந்து டம்ளர் சத்தம் வருகிறது, யாரோ பெரிதாகச் சிரிக்கிறார்கள், வடை வாசனைகூட வருகிறது. நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு அழுத்தமானி இரண்டுக்கும் நேரே உட்கார்ந்திருக்கிறேன். இடதில் ரெசின், வலதில் ஹார்டனர். இரண்டு முள்ளும் நாற்பதில் நிற்கின்றன. நிற்கட்டும். எனக்குப் பொறுமை உண்டு. பதினான்கு வருடமாக இந்த வேலைதான், கோயம்புத்தூரைச் சுற்றி எங்கெல்லாம் இரண்டு டாங்கிப் பசை மெஷின் ஓடுகிறதோ அங்கெல்லாம் கோகிலவாணி மேடத்தைக் கூப்பிடு என்பார்கள், நானும் பையைத் தூக்கிக்கொண்டு வருவேன். வந்தால் கண்டுபிடிக்காமல் போனதில்லை. கர்வம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும், சமையல் நன்றாக வருகிறவளுக்குக் கைப்பக்குவம் என்று சொல்வீர்கள், எனக்கு வந்தால் மட்டும் கர்வமா. இந்த மெஷின் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. தேன் மாதிரி இருப்பது ரெசின், விளக்கெண்ணெய் மாதிரி இருப்பது ஹார்டனர், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு, தனித்தனியாக அளந்து தள்ளிக்கொண்டு வந்து நுனியில் இருக்கும் மிக்ஸர் நாசிலில் கலந்து விடுகிறது. கலந்தால் இருபது நிமிடத்தில் கல். அளவு தப்பினால் எத்தனை நாள் ஆனாலும் பாகு பதம் வராத வெல்லம் மாதிரி இளகிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தப் பசைதான் இங்கே மோட்டாரின் உள்சுவரில் காந்தத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த மோட்டார்தான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கரம். ஒரு துண்டு காந்தம் பெயர்ந்து உள்ளே சிக்கினால் ஓடுகிற சக்கரம் அப்படியே இறுகி நின்றுவிடும். முந்தாநாள் சோதனை மேடையில் ஒன்று அப்படித்தான் நின்றிருக்கிறது. நல்லவேளை, மேடையில்.

பத்து முப்பத்தைந்து. நாற்பது, நாற்பது. காலையில் வந்ததும் முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். மிக்ஸரைக் கழற்றிவிட்டு, இரண்டையும் தனித்தனிக் கோப்பையில் பிடித்து, தராசில் வைத்தேன். பத்து தடவை. இருநூறுக்கு நூறு, இருநூற்றொன்றுக்கு நூறு, மறுபடி இருநூறுக்கு நூறு. பொன் நிறுக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் கைகட்டி நின்ற புரொடக்‌ஷன் மேனேஜர் தண்டபாணிக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தீங்களா மேடம், மெஷினு நல்லாத்தானுங்க இருக்குது. நான் அப்பவே சொன்னனுங்க. இடைவேளைக்கு அப்புறம் அஞ்சு கிராம் கழிச்சு ஊத்தீட்டுத்தான் பீஸ்ல ஊத்தோணும். அந்தப் புள்ள அதைச் செய்யறதில்லீங்க. இந்தாங்க இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுது." அந்தப் படிவத்தை நீட்டினார். இரண்டு கட்டம். இயந்திரக் கோளாறு, இயக்குபவர் தவறு. பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். பொய் சொல்வானேன், கழற்றிவிட்டேன். எடை சரியாக இருந்தது, எடை பொய் சொல்லாது. அப்போதுதான் அந்தப் புள்ள, நதியா, தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "டீக்கு அப்புறம் மொதப் பீஸுதானுங்க்கா இளகுது. சோத்துக்கு அப்புறம் மொதப் பீஸு. காத்தால மொதப் பீஸு. நடுவுல ஒண்ணுகூட இல்லீங்க. நான் ஒவ்வொருக்காவும் கழிச்சுத்தான் ஊத்தறேன். நோட்டுல நேரம் எழுதி வெச்சிருக்கறேன்." தண்டபாணி, "நோட்டுல என்னத்த வேணா எழுதலாம் சாமி" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும். நதியாவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து மூன்று நாள் ஆகிறது, இந்தப் படிவம் போய்ச் சேர்ந்தால் நாளைக்கு வேலை இல்லை. நான் பேனாவை மூடினேன். முதல் பீஸ் என்றால் அது கை செய்கிற தப்பு இல்லை. சும்மா நிற்கும்போது உள்ளே ஏதோ நடக்கிறது. ஓடும்போது ஒழுங்காக இருந்து, நின்றால் கெடுகிறது. அதை நிறுத்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஓடவிட்டு எடை போட்டால் அது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். விருந்தாளி முன்னால் குழந்தைகள் இருக்கிற மாதிரி.

பத்து முப்பத்தெட்டு. இறங்குகிறதா? கண் கூசுகிறது, கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். முப்பத்தொன்பது. வலது முள். ஹார்டனர். இடது முள் ஆணி அடித்த மாதிரி நாற்பதில். வலது முப்பத்தொன்பதுக்கும் கீழே, முப்பத்தெட்டரை. அடியில் பார்த்தேன், நாசில் நுனியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், இணைப்பு ஒவ்வொன்றிலும் விரலை வைத்துத் தடவினேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளியே வரவில்லை என்றால் உள்ளே பின்னால் போகிறது. வந்த வழியே டாங்கிக்குத் திரும்பிப் போகிறது. போக விடாமல் தடுக்கத்தான் பம்புக்கு மேலே ஒரு வால்வு, ஒரு குண்டு, ஒரு ரப்பர் வளையம், குண்டு வளையத்தில் உட்கார்ந்தால் கதவு சாத்தின மாதிரி. அந்தக் கதவு சாத்தவில்லை. கண்டுபிடித்துவிட்டேன். ஆறு நிமிடத்தில்! உள்ளங்கை சூடாகிறது, எனக்கு எப்போதும் அப்படித்தான், கண்டுபிடித்ததும் உள்ளங்கைதான் முதலில் சந்தோஷப்படும். நிற்கும்போது ஹார்டனர் பின்வாங்குகிறது, மறுபடி ஆரம்பித்தால் அது முன்னால் வந்து சேர்வதற்குள் ரெசின் மட்டும் தனியாகப் போகிறது, ஐந்து கிராம் கழித்தாலும் போதாது, பத்து, பன்னிரண்டு கழிக்க வேண்டியிருக்கும், முதல் பீஸ் வெறும் தேன். நதியா சொன்னதில் ஒரு எழுத்து பிசகில்லை. மூன்று நாளாக ஒருத்தரும் இந்த ஸ்டூலில் வந்து பதினைந்து நிமிடம் உட்காரவில்லை, அவ்வளவுதான். முப்பத்தேழு. இறங்கு, இறங்கு, நல்லா இறங்கு. அந்த வால்வைக் கழற்றிப் பார்த்தால் வளையம் வெடித்திருக்கும். பார்க்காமலே சொல்வேன். வளையம் எப்போது மாற்றியது என்று பார்க்க வேண்டும், மெஷின் பக்கவாட்டில் அட்டை தொங்குகிறது, எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும், பிப்ரவரி பதினொன்று. மாற்றியது யார் என்றும் தெரியும்.

நான்.

முப்பத்தாறரை. பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ. நான் மாற்றினால் என்ன, வளையம் தேயத்தானே செய்யும். ஆனால் நல்ல வளையம் ஒன்றரை வருடம் வரும். இது ஆறு மாதம். ஆறு மாதத்தில் ஏன் வெடிக்க வேண்டும். வெடித்திருக்கிறதா என்று நான் இன்னும் பார்க்கவேயில்லையே, முள் இறங்குகிறது, அவ்வளவுதானே தெரியும். இல்லை, தெரியும். அந்த மேஜை ஞாபகம் வருகிறது. அந்த ஜன்னல் பக்கத்து மேஜைதான், இப்போது அதன் மேல் யாரோ ஹெல்மெட் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே இரண்டு வால்வையும் பிரித்துப் போட்டிருந்தேன். உதிரி சாமான் பையில் இரண்டு சின்னப் பொட்டலம், இரண்டிலும் கறுப்பு வளையம், ஒரே அளவு. பச்சைப் புள்ளி வைத்தது ஹார்டனருக்கு, புள்ளி இல்லாதது ரெசினுக்கு. ரெசின் வளையத்தை ஹார்டனரில் போட்டால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது, அப்புறம் விறைக்கும், அப்புறம் தோல் வெடிக்கிற மாதிரி வெடிக்கும். இதை எத்தனை பேருக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். புள்ளி பார், புள்ளி பார் என்று கத்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தேனா? பார்த்தேன். பார்க்காமல் எப்படிப் போடுவேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் போன் வந்தது. ஹரிஹரன் சார், எங்கள் சர்வீஸ் பிரிவுத் தலைவர். "வாழ்த்துகள் கோகிலா, ஒண்ணாம் தேதியிலிருந்து நீங்கதான் மேற்கு மண்டலத்துக்குச் சீஃப்" என்றார். பதினான்கு வருடம். ஆண்பிள்ளைகள் எட்டுப் பேரைத் தாண்டி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நன்றி சார், நன்றி சார் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பொட்டலத்தையும் ஒரே தட்டில் கொட்டினேன். கொட்டினேனா? கொட்டினேன். அலுமினியத் தட்டில் டப்பென்று விழுந்த சத்தம் இப்போது கேட்கிறது. அதற்கப்புறம் ஞாபகம் இருப்பதெல்லாம் வீட்டுக்கு எந்த இனிப்பு வாங்கலாம் என்று யோசித்தது. மைசூர்பாவா, ஜாங்கிரியா. கை பாட்டுக்கு வேலை செய்தது. என் கை தப்பு செய்யாது என்று எனக்குத் தெரியும், அதனால் நான் பார்க்கவில்லை. துக்கத்தில் கைதவறினேன் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும், யாரும் ஐயோ பாவம் என்பார்கள். சந்தோஷத்தில் கைதவறினேன் என்று யாரிடம் சொல்வது.

பத்து நாற்பத்திரண்டு. முப்பத்தைந்து. சரி, சரி, பதறாதே. கழற்றாமல் எதுவும் நிச்சயமில்லை. கழற்றுவது யார், நான்தான். பையில் புது வளையம் இருக்கிறது. தண்டபாணி டீயை முடித்துவிட்டு வர இன்னும் ஐந்து நிமிடம். வந்தால்தான் என்ன, அவருக்கு வளையத்தில் புள்ளி என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழையதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதியதை மாட்டிவிட்டு, இயந்திரக் கோளாறு, வளையம் தேய்மானம் என்று எழுதினால் நதியா தப்பித்தாள், நான் தப்பித்தேன், மெஷின் ஓடும். யாருக்கு நஷ்டம்? பொய்கூட இல்லை, தேய்ந்துதானே போயிருக்கிறது. யாருக்கு நஷ்டம், யாருக்கு நஷ்டம் என்று இரண்டு தடவை கேட்டபோதே தெரிந்துவிட்டது, எங்கேயோ யாருக்கோ இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். தேய்மானம் என்று எழுதினால் அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து? இளகின பீஸ் முதலில் அகப்பட்டது மூன்று வாரத்துக்கு முன்னால். அதனால் மூன்று வாரத்துப் பீஸ்களை மட்டும் பார்ப்பார்கள். இவர்கள் இருபதுக்கு ஒன்றுதான் இழுத்துச் சோதிக்கிறார்கள், முதல் பீஸ் அந்த ஒன்றில் மாட்டினால் உண்டு. ஆனால் தப்பு வளையம் மூன்று வாரத்துக்கு முன்னால் காலண்டர் பார்த்து வெடிப்பதில்லை. மார்ச் நடுவிலேயே விறைக்க ஆரம்பித்திருக்கும். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. காலை, சாப்பாடு, இரண்டு டீ என்று ஒவ்வொரு நாளும் நான்கு முதல் பீஸ். அவையெல்லாம் எங்கே? வளையம் தேய்ந்தது என்பதும் வளையம் தப்பு என்பதும் எனக்கு வேண்டுமானால் ஒரு வார்த்தை வித்தியாசம். ரோட்டில் போகிற யாருக்கோ அது நான்கு மாத வித்தியாசம். முப்பத்துநாலு. முள் என் பேச்சைக் கேட்டு நிற்கப்போவதில்லை. தலை தெளிவாக இருக்கிறது, ஆச்சரியம், தலை காலையில் இருந்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. கண்டுபிடிக்கிறவள்தானே நான். கண்டுபிடித்தது என்னையாக இருந்தால் பாதியில் விட்டுவிடுவேனா?

பத்து நாற்பத்தேழுக்கு முப்பத்திரண்டில் நின்றிருந்தது. தண்டபாணி வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார், நதியா அவருக்குப் பின்னால், டீ குடிக்காத முகம். இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு முள்ளையும் காட்டினேன். "சார், நீங்க டீ குடிச்ச நேரத்துல ஹார்டனர் எட்டு எறங்கியிருக்குது. ரெசின் அப்படியே நிக்குது." அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். ஐந்து கிராம் கழித்து ஊற்றிவிட்டு, அடுத்து வந்ததைக் காகிதக் கோப்பையில் பிடித்து வைத்தேன். அது கெட்டியாகிறதா என்று பார்க்கிற இருபது நிமிடத்தில் அவர்கள் கண் முன்னாலேயே வால்வைக் கழற்றினேன். அழுத்தம் இறக்கி, தொட்டியில் வடித்து, ஸ்பானரைப் போட்டு, மெதுவாக. வளையம் கையோடு வந்தது, மூன்று இடத்தில் வெடிப்பு, விரலால் வளைத்ததும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. துணியால் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்காவது ஒரு பச்சை இருந்துவிடாதா என்று அப்போதும் ஒரு மனசு தேடியது. இல்லை. "சார், இது ரெசின் பக்கத்து வளையம். ஹார்டனர்ல போடக் கூடாதது. பிப்ரவரியில சர்வீஸ் பண்ணப்ப நான்தான் மாத்திப் போட்டிருக்கேன். நதியா மேல தப்பு இல்லை. மெஷின் மேலயும் இல்லை." சொல்லி முடித்ததும் காது அடைத்த மாதிரி இருந்தது. தண்டபாணி, "ஏனுங் மேடம், அதை நீங்களே..." என்று ஆரம்பித்து, கோப்பைக்குள் குச்சியை விட்டுப் பார்த்தார். இழுபட்டது. நூல் நூலாக.

நதியா அழுவாள், அல்லது கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, எதிர்பார்த்தேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் ஒடிந்த வளையத்தை வாங்கிப் பார்த்தாள். "மூணு நாளா எங்க மாமியா ஒரு வார்த்தை பேசறதில்லீங்க்கா. பொறுப்பில்லாதவள்னு ஊரே சொல்றாப்புல இருந்துச்சு. என் கையைத்தான் நான் பாத்துட்டே இருந்தேன், எங்க தப்புச்சுன்னு. இது உங்க கைங்களா?" என்றாள். "ஆமா நதியா." "செரிங்க" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் சரிங்க என்றுதான் சொன்னாள், வேறு எதையும் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை. படிவத்தில் இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டுக் கீழே வெற்றிடத்தில் எழுதினேன், பராமரிப்பின்போது தவறான வளையம் பொருத்தப்பட்டது, பொருத்தியவர் கோகிலவாணி, மார்ச் பதினைந்திலிருந்து இடைவேளைக்குப் பிந்தைய முதல் பீஸ் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. கையெழுத்து நன்றாக வந்தது. ஹரிஹரன் சாருக்குப் போன் செய்தேன். "எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கோகிலா" என்றார். "கேட்டிருந்தா எழுத விட்டிருப்பீங்களா சார்?" என்றேன். நாளைக்கு ஆபீசுக்கு வாங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சீஃப் பதவி போகலாம். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்கு அது வேண்டும், இன்னும் வேண்டும். ஆனாலும் எழுதினது எழுதினதுதான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தண்டபாணி அப்போது காட்டிய சுறுசுறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஸ்கூட்டர் புது மாடல், இன்னும் கடைக்கு வரவில்லை, நாற்பது வண்டியை மட்டும் ஓட்டிப் பார்க்க ஆட்களிடம் கொடுத்திருக்கிறார்கள், மற்ற மோட்டார் எல்லாம் கிடங்கில் என்று அவரே விசாரித்து வந்தார். நதியாவின் நோட்டுதான் கடைசியில் ஆதாரம், நேரமும் பீஸ் நம்பரும் வரி வரியாக, ஒரு நாள் விடாமல். அவள் படிக்கப் படிக்க ஸ்கூட்டர் கம்பெனிக்காரர் போனில் சரிபார்த்தார். நாற்பதில் மூன்று வண்டி. மூன்றுமே மூன்று வாரக் கணக்குக்குள் வராதவை. ஒன்று மே மாதம், இரண்டு ஜூன். முதல் வண்டி ஒரு பேராசிரியருடையது, வீட்டில் நின்றது. இரண்டாவது ஒரு மருந்துக்கடைக்காரர், சாவியைக் கழற்றிவிட்டேன் என்றார். மூன்றாவது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், அருளானந்தம் என்று பெயர். கம்பெனி நம்பரிலிருந்து ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை. தண்டபாணி அடித்தார், எடுக்கவில்லை. மணி பன்னிரண்டரை. வெயில் நேரத்து அவிநாசி ரோடு, லாரி, பஸ், நடுவில் ஒரு ஸ்கூட்டர், அதன் பின்சக்கரத்துக்குள் தேன் மாதிரி இளகின பசையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு காந்தம். நெஞ்சு அப்போதுதான் அடித்துக்கொண்டது, காலையிலிருந்து அடிக்காததெல்லாம் சேர்த்து. "நம்பரைக் குடுங்க" என்று வாங்கி என் போனில் அடித்தேன். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

"மேடம், வந்துட்டேனுங்க மேடம், சிட்ரா பஸ் ஸ்டாப்புகிட்ட வந்துட்டேன், ரெண்டே நிமிஷம், கேட்டைத் தெறந்து வெச்சிருங்க." காற்று இரைந்தது, பின்னால் ஒரு பஸ்ஸின் ஹாரன். வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டார்.

"நான் பார்சலுக்குக் கூப்பிடலைங்க. நீங்க ஓட்டற வண்டி மோட்டார் பத்திக் கூப்பிடறேன். சட்டுனு பிரேக் அழுத்தாதீங்க, ஆக்ஸிலேட்டரை மெதுவா விடுங்க, இடது ஓரமா ஒதுங்குங்க."

"வண்டி சூப்பரா ஓடுதுங்க மேடம். நீங்க யாருங்க?"

யார் என்று சொல்வது. "அதுக்குள்ள பசை ஊத்தற மெஷினைப் பாக்கறவ. ஒரு தப்புப் பண்ணிட்டேன். தயவுசெஞ்சு நிறுத்துங்க அண்ணா, அப்புறம் என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். நதியா என் பக்கத்தில் வந்து காதை நீட்டிக்கொண்டு நின்றாள், அவள் மூச்சு என் தோளில் பட்டது. இரைச்சல் குறைந்தது. இன்னும் குறைந்தது. யாரோ இளநீர் இளநீர் என்று கூவுவது கேட்டது. பிறகு வண்டி ஸ்டாண்டின் இரும்புக் கால் தரையில் இறங்குகிற சத்தம்.

"நிறுத்தியாச்சுங்க" என்றார் அருளானந்தம். "இப்பச் சொல்லுங்க, என்ன தப்பு?"

சொல்ல ஆரம்பித்தேன்.